36-வது ரூம்!

குங்ஃபூ படம்னா நமக்கெல்லாம் கதை மனப்பாடம். குருவைக் கொன்னுடுவாங்க. சிஷ்யன் ஒரு தாடிக்காரத் தாத்தாகிட்ட ட்ரெய்னிங் எடுப்பான். அஞ்சே நிமிஷத்துல ஆள் ரெடி. க்ளைமாக்ஸ்ல வில்லன் காலி. சுபம்!

போன வாரம் எங்க ஹாஸ்டல்ல ஒரு லேப்டாப்பைச் சுத்தி ஏழு பேர் உட்கார்ந்து பார்த்த படமும் இந்த ரூட்லதான் கிளம்புச்சு. 'தி 36த் சேம்பர் ஆஃப் ஷாவ்லின்'. 1978-ல ஹாங்காங்கின் ஷா பிரதர்ஸ் எடுத்தது. டைரக்டர் லாவ் கர்-லியுங், நிஜத்திலேயே குங்ஃபூ பரம்பரையில வந்தவர். ஹீரோ கார்டன் லியு. 'கில் பில்' இரண்டாம் பாகத்துல வெள்ளைத் தாடியோட மிரட்டுற பாய் மெய் மாஸ்டர் இவர்தான்!

ஹீரோ நம்மளை மாதிரி ஒரு ஸ்டூடன்ட். மஞ்சு ஆட்சியின் கொடுமையில எல்லாத்தையும் பறிகொடுத்துட்டு, அடிபட்ட உடம்போட ஷாவ்லின் மடத்துக்கு ஓடி வர்றான். அங்கே மொத்தம் 35 பயிற்சி அறைகள். 'எதுல ஆரம்பிக்கறே?'ன்னு கேட்டா, 'உச்சியில இருக்கறதுல'ன்னு சொல்றான். போன வேகத்துலயே தூக்கி வீசப்படறான். அப்புறம் ஒழுங்கா அடிமட்டத்துல இருந்து ஆரம்பம்.

இங்கேதான் பாஸ், படம் வேற மாதிரி ஆகுது. மத்தவங்க அஞ்சு நிமிஷத்துல முடிக்கிற ட்ரெய்னிங்தான் இதுல படமே! தண்ணியில மிதக்குற மரக்கட்டைகள் மேல கால் வெச்சுத் தாண்டினாத்தான் சாப்பாடு. விழுந்தா பட்டினி. ரெண்டு கையையும் நீட்டி வாளியில தண்ணி சுமக்கணும். கை தாழ்ந்தா, கையில கட்டின கத்தி விலாவுல குத்தும். சண்டையே இல்லாத இந்தக் காட்சிகள்லதான் நாங்க மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு திறமை உடம்புல ஏற எவ்வளவு நாள் ஆகும்னு இந்தப் படம் ஏமாத்தாம காட்டுது.

ஆனா, என்னைத் தூங்கவிடாதது அது இல்லை. 35 அறையையும் முடிச்சவன்கிட்ட, 'எந்த அறைக்குத் தலைவனா இருக்கறே?'ன்னு கேக்கறாங்க. அவன் கேக்கறது 36-வது அறை! மடத்துக்கு வெளியே இருக்கற சாதாரண ஜனங்களுக்குக் கத்துக்கொடுக்க ஓர் அறை. அப்படிக் கேட்டதுக்குத் தண்டனைங்கற பேர்ல வெளியே அனுப்பறாங்க. வில்லனை முடிக்கறதோட அவன் வேலை முடியலை. கடைசியில அந்த அறை வந்தே தீருது.

இப்ப ஒரு உண்மை. போன செமஸ்டர், லேப் எக்ஸாமுக்கு முதல் நாள் ராத்திரி. தமிழ் மீடியத்துல படிச்சு வந்த என் ரூம்மேட், 'ரிகர்ஷன் மட்டும் புரியலடா'ன்னு நோட்டோட வந்து நின்னான். எனக்குத் தெரியும். ஆனா 'நாளைக்குப் பார்க்கலாம்'னுட்டேன். தூக்கம்கூட வரலை பாஸ், சும்மாதான் சொன்னேன். எனக்குத் தெரிஞ்சது அவனுக்கும் தெரிஞ்சிட்டா நான் எப்படி ஃபர்ஸ்ட்ங்கற அல்ப புத்தி. அவனுக்கு அரியர் விழுந்துச்சு.

அந்த ஏழு பேர்ல அவனும் ஒருத்தன். படம் முடிஞ்சதும் சிரிச்சுக்கிட்டே பாயைச் சுருட்டினான். என்னாலதான் அவன் முகத்தைப் பார்க்க முடியலை.

இப்ப தினமும் ராத்திரி ஒன்பதரை மணிக்கு எங்க ரூம்ல கிளாஸ். நேத்து நாலு பேர் வந்தாங்க. ஒருத்தன் கேட்ட கேள்விக்கு நான் திருதிருன்னு முழிச்சேன். சொல்லித்தரும்போதுதான் தெரியுது, ரிகர்ஷன் எனக்கே பாதிதான் புரிஞ்சிருக்கு!

உங்க ஹாஸ்டல்லயும் யாராவது நோட்டோட வாசல்ல நிக்கிறாங்களா? முதல்ல உள்ளே கூப்பிடுங்க பாஸ். படத்தை அப்புறம் பார்த்துக்கலாம்!