பாட்டுக்காரர் நாவல் எழுதினார்!

"பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்" என்பது பழமொழி.

ஒரு தொழிலை விட்டு இன்னொரு தொழிலுக்குப் போகும் பிள்ளையிடம் வீட்டுப் பெரியவர்கள் இதைச் சொல்வது உண்டு. "நேற்று பாட்டு என்றாய். இன்று கதை என்கிறாய். எதில்தான் உருப்படப் போகிறாய்?" என்று கேட்பார்கள்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் எல்லோருக்கும் அது பொருந்துமா?

பொருந்தாது என்பதற்கு ஒருவர் சாட்சியாக இருக்கிறார். அவர் பெயர் காயேல் ஃபாய். பாட்டு எழுதி, பாடி, பெயர் வாங்கியவர். பிறகு நாவல் எழுதினார். அதற்குப் பரிசும் வாங்கினார்!

ஏரிக்கரையில் பிறந்தவர்

ஆப்பிரிக்காவில் புருண்டி என்று ஒரு சிறு நாடு இருக்கிறது. அங்கே டாங்கனிக்கா ஏரிக்கரையில் புஜும்புரா நகரம் உள்ளது. 1982-ம் ஆண்டில் காயேல் ஃபாய் அந்த நகரத்தில் பிறந்தார். தந்தை பிரெஞ்சுக்காரர். தாய் பக்கத்து நாடான ருவாண்டாவைச் சேர்ந்தவர். அகதியாகப் புருண்டிக்கு வந்தவர்.

இந்த இரண்டு நாடுகளிலும் ஹூட்டு, டுட்சி என்று இரண்டு பிரிவு மக்கள் இருக்கிறார்கள். புருண்டியில் இரு பிரிவினரும் பேசுவது ஒரே மொழி. ருவாண்டாவிலும் அப்படியே. ஆனாலும் பகை வளர்ந்தது.

1993 அக்டோபரில் புருண்டி ஜனாதிபதி கொல்லப்பட்டார். உள்நாட்டுப் போர் மூண்டது. மறு ஆண்டு ருவாண்டாவில் அதைவிடப் பெரிய கொடுமை நடந்தது. சுமார் 100 நாட்களில் 8 லட்சம் பேர் கொல்லப்பட்டதாகக் கணக்கிடுகிறார்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் டுட்சிகள். பக்கத்து வீட்டுக்காரனே அரிவாளோடு வந்தான்!

1995-ல் சிறுவன் காயேல் பிரான்சுக்கு வந்து சேர்ந்தான். உயிர் பிழைத்தது. ஆனால் ஊர் போய்விட்டது. விளையாடிய தெரு போய்விட்டது.

உத்தியோகத்தை உதறினார்

சிறுவன் வளர்ந்தான். படித்தான். லண்டன் நகரில், முதலீடு செய்யும் நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்தது. எந்தப் பெற்றோரும் ஆசைப்படும் உத்தியோகம்தான். இரண்டு ஆண்டுகள் அதில் இருந்தார். பிறகு, "எனக்குப் பாட்டுதான் வேண்டும்" என்று அதை விட்டுவிட்டார்.

அவர் பாடியது ராப் பாட்டு. தாளத்துக்கு ஏற்ப, வேகமாகப் பேசுவது போலப் பாடுவதற்கு ராப் என்று பெயர். பாட்டை அவரே எழுதினார். 2013-ல் அவருடைய பாட்டுத் தொகுப்பு ஒன்று வெளிவந்தது. "வெண்ணெய் ரொட்டிமேல் மிளகாய்" என்பது போன்ற பொருளில் அதற்குப் பெயர் வைத்தார். வெண்ணெய் ரொட்டி பிரான்சு நாட்டுப் பலகாரம். மிளகாய் ஆப்பிரிக்காவின் காரம். அப்பாவையும் அம்மாவையும் ஒரே தட்டில் வைத்துவிட்டார்!

அந்தத் தொகுப்பில் "சின்ன நாடு" என்று ஒரு பாட்டு இருந்தது. புருண்டியைப் பற்றிய பாட்டு. அவருடைய பாட்டுகளைக் கேட்ட ஒரு பதிப்பாசிரியர், "நீங்கள் ஏன் கதை எழுதக் கூடாது?" என்று கேட்டார்.

எழுதினார். 2016-ல் நாவல் வந்தது. அதற்கும் பெயர் "சின்ன நாடு"தான்!

பாட்டு போதாதா?

பாட்டில் சொன்னதை ஏன் நாவலில் மறுபடியும் சொல்ல வேண்டும்? இங்கேதான் விஷயம் இருக்கிறது.

ஒரு பாட்டு நாலைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். "என் ஊரை நினைத்து ஏங்குகிறேன்" என்று அதில் சொல்லலாம். கேட்பவர் கண் கலங்கும். ஆனால் கூடி விளையாடிய பிள்ளைகள் எப்படிப் பகைவர்கள் ஆனார்கள் என்பதை நாலு நிமிடத்தில் சொல்ல முடியாது. பகை ஒரே நாளில் வருவதில்லை. முதலில் ஒரு சொல். அப்புறம் ஒரு கேலி. அப்புறம், "நீ எந்தப் பிரிவு?" என்ற கேள்வி. கடைசியில் கத்தி. இதைக் காட்ட நாள் வேண்டும், பக்கம் வேண்டும். அதற்கு நாவல்தான் சரியான கருவி.

கதையில் வரும் பையன் பெயர் கப்ரியேல். வயது 10. நண்பர்களோடு மாங்காய் திருடித் தின்கிறான். அவனைச் சுற்றி ஊர் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது. ருவாண்டாவுக்குப் போன தாய், அங்கே கண்டதைத் தாங்க முடியாமல் மனம் உடைந்து திரும்புகிறாள். இது ஆசிரியரின் வாழ்க்கை வரலாறு அல்ல. கற்பனைக் கதை. ஆனால் அதில் உள்ள துக்கம் உண்மையானது.

பரிசு கொடுத்தது யார்?

"பாடகர் என்பதால் புத்தகம் விற்றிருக்கும்" என்று சிலர் சொல்லக்கூடும். விற்பனைக்கு அது உதவலாம். பரிசுக்கு உதவுமா?

2016-ல் இந்த நாவலுக்குக் கிடைத்தது, பிரான்சு நாட்டு உயர்நிலைப்பள்ளி மாணவ மாணவிகள் கொடுக்கும் பரிசு. சுமார் 2,000 பிள்ளைகள் புத்தகங்களைப் படித்து, விவாதித்து, முடிவு செய்கிறார்கள். புத்தகம் பிடிக்காவிட்டால் முகத்துக்கு நேரே சொல்லிவிடும் வயது அது! முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் நாவல் வெளிவந்தது. 2020-ல் சினிமாவாகவும் வந்தது.

அடுத்த நாவலுக்கு அவர் அவசரப்படவில்லை. 8 ஆண்டுகள் கழித்து, 2024-ல் "ஜகரண்டா" வெளிவந்தது. ஜகரண்டா என்பது ஊதா நிறப் பூ பூக்கும் மரம். ருவாண்டாவில் நடந்ததைப் பற்றி வாய் திறக்காத தாய். அந்த மௌனத்துக்குக் காரணம் தேடும் மகன். இதுதான் கதை. அந்த ஆண்டின் ரெனோதோ பரிசு அதற்குக் கிடைத்தது. பிரான்சு நாட்டின் பெரிய இலக்கியப் பரிசுகளில் அது ஒன்று.

பாட்டையும் அவர் விட்டுவிடவில்லை. இரண்டு நாவல்களுக்கும் நடுவே, 2020-ல் புதிய பாட்டுத் தொகுப்பை வெளியிட்டார்.

மரம் ஒன்றுதான்

பழமொழி பொய்யாகிவிட்டதா? இல்லை.

இந்தத் தச்சர் பல மரம் பார்க்கவில்லை. அவருடைய மரம் ஒன்றுதான். இழந்துபோன ஊர், செத்துப்போன சொந்தம், பேச மறுத்த பெரியவர்கள். இவைதான் அந்த மரம். அதை முதலில் ஓர் உளியால் செதுக்கினார். அது போதாத இடத்தில் வேறு உளியை எடுத்தார். உளியை மாற்றுவது தச்சனுக்குக் குற்றமா?

பாடுகிற எல்லோரும் நாவல் எழுதலாம் என்று இதற்குப் பொருள் அல்ல. கஷ்டம் வந்ததும் ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்கு ஓடுகிறவனுக்குப் பழமொழி பொருந்தும். அவனைக் கண்டிக்கத்தான் வேண்டும்.

ஆனால் கண்டிப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள். "ஏன் மாறுகிறாய்?" என்று கேளுங்கள். "இது கஷ்டமாக இருக்கிறது" என்று பதில் வந்தால், புத்தி சொல்லுங்கள். "நான் சொல்ல வேண்டியதை இதில் முழுதும் சொல்ல முடியவில்லை" என்று பதில் வந்தால், கொஞ்சம் பொறுங்கள்.

உத்தியோகத்தில் இருந்தபடியே அந்த லண்டன் இளைஞர் காலம் தள்ளியிருந்தால், சம்பளம் வந்திருக்கும். மாங்காய் திருடிய அந்தச் சிறுவர்களின் கதை நம் யாருக்கும் தெரிந்திருக்காது.