சாதுவா, சோர்வா?

பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலன் பார்த்த வீடுகளில் இப்போது பல்லியின் விலையை விசாரிக்கிறார்கள். நாய்க்கு இடமில்லாத அடுக்குமாடிக் குடியிருப்பு, குரைத்தால் புகார் சொல்லும் பக்கத்து வீட்டார், பூனை முடி பட்டால் தும்மும் குழந்தை. இப்படிப்பட்ட குடும்பங்களுக்குக் கண்ணாடித் தொட்டியில் அடங்கிவிடும் பிராணி வசதியாகத் தெரிகிறது. மும்பையானாலும் பெங்களூரானாலும் வெளிநாட்டுப் பல்லி வாங்க வருபவரின் முதல் கேள்வி ஒன்றுதான்: கையில் எடுத்தால் கடிக்காத பல்லி எது?

கேள்வி நியாயமானது. பதிலைத் தேடும் முறைதான் தவறு. விற்பவர் ஒரு பல்லியை எடுத்து உள்ளங்கையில் வைக்கிறார். அது கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் கிடக்கிறது. பரம சாது என்று எண்ணி வாங்குபவர் பணத்தை எடுக்கிறார். பல்லி தன் உடல் சூட்டை வெளியிலிருந்துதான் பெற வேண்டும். சூடு போதாத பல்லி அசையாது. நீர்ச்சத்து வற்றிய பல்லியும் அசையாது. எலும்பு நொய்ந்துபோன பல்லியும் அப்படியே கிடக்கும். சாதுவுக்கும் சோர்வுக்கும் வித்தியாசம் தெரியாதவர் ஒரு நோயாளியைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோகிறார்.

வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ஆரோக்கியமான பல்லி கண்ணை அகலத் திறந்து பார்க்கும். வயிறு தரையில் உரசாமல் உடலைத் தூக்கி நடக்கும். கையில் விட்டால் முதலில் கொஞ்சம் ஓடப் பார்க்கும், பிறகு நிதானமாகும். குழி விழுந்த கண், குச்சிபோல் மெலிந்த வால், நடுங்கும் கால், அழுத்தினால் வளையும் தாடை ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். இவற்றைவிட நம்பகமான சோதனை ஒன்று உண்டு. தன் எதிரில் அதற்கு இரை போடச் சொல்லிப் பார்க்கலாம். பாய்ந்து பிடித்துத் தின்றால் பாதிக் கவலை தீர்ந்தது.

எந்த இனம் என்று கேட்டால், அனுபவசாலிகள் பெரும்பாலும் இரண்டு பெயர்களைச் சொல்கிறார்கள். ஒன்று, ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்தைச் சேர்ந்த பியர்டட் டிராகன். தாடையின் கீழ் முள்முள்ளாகத் தாடி இருப்பதால் இந்தப் பெயர். மிரண்டால் தாடி கறுத்து உப்பும். அப்போது தொடாமல் இருப்பது மரியாதை. வளர்ந்தால் 45 முதல் 60 செ.மீ. நீளம். பகலில் விழித்திருக்கும், மனிதக் கைக்கு எளிதில் பழகும். ஆயுள் சுமார் 10 ஆண்டுகள். ஆஸ்திரேலியா தன் காட்டுப் பல்லிகளை வியாபாரத்துக்காக ஏற்றுமதி செய்ய அனுமதிப்பதில்லை. சந்தையில் விற்பவை மற்ற நாடுகளில் கூண்டிலேயே பிறந்து வளர்ந்த தலைமுறைகள். கைக்குப் பழக அதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று லெப்பர்ட் கெக்கோ. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பகுதிகளைச் சேர்ந்தது. 20 முதல் 25 செ.மீ. நீளம்தான். நம் சுவர்ப்பல்லிக்கு இல்லாத இமை இதற்கு உண்டு. சுவர்ப்பல்லிக்கு உள்ள ஒட்டும் பாதம் இதற்கு இல்லை. அதனால் சுவரேறி ஓடிவிடாது. தடித்த வாலில் கொழுப்பைச் சேமித்து வைக்கும். அந்த வாலைப் பிடித்து இழுத்தால் கழற்றிப் போட்டுவிடும். மறுபடி முளைப்பது பழைய அழகோடு இருக்காது. இரவில் நடமாடுவது. பகலில் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் போகிறவர்களுக்கு இது தோது. 15, 20 ஆண்டுகள்கூட வாழும்.

தவிர்க்க வேண்டியவற்றில் முதலிடம் பச்சை இகுவானாவுக்கு. ஒரு கைக்குள் அடங்கும் பச்சைக் குஞ்சைக் கண்டு மயங்காதவர்கள் குறைவு. சில ஆண்டுகளில் அது வாலோடு சேர்த்து ஒன்றரை மீட்டரைத் தாண்டும். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் இகுவானா வளர்த்தவரையே கடிக்கும். சாட்டைபோல் வாலால் அடிக்கும். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் இப்படி வாங்கியவர்கள் விட்டவையும் கூண்டிலிருந்து தப்பியவையும் பெருகித் தோட்டங்களையும் கால்வாய்க் கரைகளையும் நாசம் செய்தன. 2021இல் அந்த மாநிலம் இகுவானாவைத் தடை செய்யப்பட்ட இனங்களில் சேர்த்தது.

சாதுவான இனமே கிடைத்தாலும் அதைக் கொஞ்சும் முறை வேறு. வீட்டுக்கு வந்த முதல் ஒரு வாரம் தொடாமல் விடுவது நல்லது. மேலிருந்து வரும் கை அதற்குப் பருந்து. பக்கத்திலிருந்து மெல்ல நீட்டி, வயிற்றின் கீழ் கையைக் கொடுத்துத் தூக்க வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம் போதும்; அதற்கு மேல் அதன் உடல் குளிர்ந்துவிடும். பல்லிக்குக் கொஞ்சலில் ஆசை கிடையாது. அது சகித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். இதைப் புரிந்துகொண்ட குடும்பம் ஏமாறுவதில்லை. தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுவது கட்டாயம். ஊர்வனவற்றின் உடலில் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டுக்கு இந்தப் பிராணி வேண்டாம் என்பது மருத்துவர்களின் அறிவுரை.

செலவும் பல்லியின் விலையோடு நிற்பதில்லை. பியர்டட் டிராகனுக்குத் தொட்டியின் ஒரு மூலையில் 40 டிகிரி செல்சியஸ் அளவு சூடு, மறுமூலையில் குளிர்ச்சி, கூடவே புற ஊதாக் கதிர் விளக்கு தேவை. ஜன்னல் வெயில் போதாதா என்று கேட்பார்கள். தேவையான கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். அந்தக் கதிர் இல்லாவிட்டால் உடலில் கால்சியம் சேராது, எலும்பு வளையும். டில்லி ஜனவரியில் மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதையும் யோசிக்க வேண்டும். இரையோ உயிருள்ள சில்வண்டும் புழுவும். சைவக் குடும்பத்தின் சமையலறைக்குப் பக்கத்தில் சில்வண்டுப் பெட்டியை வைக்க அம்மா சம்மதிப்பாரா என்பதை முதலிலேயே கேட்டுவிடுவது உத்தமம். ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர் பெருநகரங்களிலேயே அபூர்வம்.

கடைசியாக, சட்டம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நம் நாட்டு உடும்பு இனங்கள் நான்கும் முதல் அட்டவணையில் உள்ளவை. பிடித்து வைத்திருந்தால் 3 முதல் 7 ஆண்டுகள் சிறை. பச்சோந்திக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. வெளிநாட்டு இனங்களுக்கு இடமளித்த 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள விலங்கை வைத்திருப்பவர், 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். குட்டி போட்டாலும் செத்தாலும் கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். இகுவானா அந்தப் பட்டியலில் உண்டு. பட்டியல் அவ்வப்போது மாறுவதால், வாங்கும் நாளில் சரிபார்ப்பது அவசியம். பாங்காக்கிலிருந்து பெட்டிக்குள் மறைத்துக் கொண்டுவந்த பல்லிகள் சென்னை விமான நிலையத்தில் பிடிபடுவது பழகிப்போன செய்தி. பிழைத்து வருபவை கடைக்கு வரும்போது மிகவும் சாதுவாகத்தான் இருக்கும்.

ஆகவே கடையில் கேட்க வேண்டியவை மூன்று: எங்கே பிறந்தது, கடைசியாக எப்போது தின்றது, காகிதம் எங்கே? மூன்றுக்கும் தயங்காமல் பதில் சொல்பவரிடம் வாங்கலாம். "கையில் வைத்துப் பாருங்கள்" என்று பேச்சை மாற்றுபவரிடம் வாங்காமல் திரும்புவதே நல்லது.