மூச்சுக்கு ஒரு சான்றிதழ்

நெடுந்தூரச் சைக்கிள் பந்தயங்களையும் பனிச்சறுக்கு ஓட்டங்களையும் தொடர்ந்து கவனிப்பவர்களிடையே ஒரு கேலிப்பேச்சு நெடுநாளாக உலவி வருகிறது. இந்த விளையாட்டுகளில் ஆரோக்கியமானவர்கள் வெல்வதில்லை, ஆஸ்துமாக்காரர்களே வெல்கிறார்கள் என்பது அதன் சாரம். பகலெல்லாம் ஆல்ப்ஸ் மலையில் ஏறுகிற மனிதனின் சட்டைப்பையில் இன்ஹேலர் இருக்கிறதே, இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும் என்று கேட்பார்கள். இதற்கு விளையாட்டு அமைப்புகள் வைத்திருக்கும் விடையும் ஒரே வரிதான்: எல்லாம் விதிகளுக்கு உட்பட்டே நடந்தது. கேலியும் தவறு, விடையும் தவறு என்பது என் தரப்பு. இரண்டையும் ஒரே கட்டுரையில் எதிர்த்தால் இரு பக்கத்திலிருந்தும் அடி விழும் என்று தெரியும். விழட்டும்.

முதலில் கேலியை எடுத்துக்கொள்வோம். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் நிமிடத்துக்கு ஆறிலிருந்து எட்டு லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறார். உச்ச முயற்சியில் இருக்கும் ஒரு சைக்கிள் வீரரோ பனிச்சறுக்கு வீரரோ 150 லிட்டருக்கு மேல், சிலர் 200 லிட்டர் வரை இழுக்கிறார்கள். இவ்வளவு காற்று மூக்கின் வழியே போகாது. வாயைத் திறந்துதான் இழுத்தாக வேண்டும். காற்றைச் சூடாக்கி ஈரப்படுத்தி வடிகட்டி அனுப்பும் வேலையை மூக்கு செய்ய முடியாமல் போகிறது. குளிர்ந்த வறண்ட காற்று மூச்சுக்குழலின் உட்சுவரிலிருந்து நீரையும் வெப்பத்தையும் உறிஞ்சிக்கொள்ள, சுவர் அழற்சியடைந்து, சுற்றியுள்ள தசை இறுகி, குழாய் சுருங்குகிறது. வருடக்கணக்கில், நாள் தவறாமல் இதைச் செய்தால் சுருக்கம் நிரந்தர இயல்பாகிவிடுகிறது. நீச்சல் வீரர்களின் கதை வேறு. குளத்தில் கலக்கும் குளோரின், வியர்வையோடும் சிறுநீரோடும் வினைபுரிந்து உண்டாகும் டிரைகுளோரமின் என்ற வாயு நீர்ப்பரப்பை ஒட்டியே தங்குகிறது. நீந்துபவரின் வாய் இருப்பதும் அங்கேதான்.

ஆகவே இவர்களிடையே ஆஸ்துமா அதிகம் என்பது வியப்புக்குரியதே அல்ல. கென்ட் பல்கலைக்கழகத்தின் ஜான் டிக்கின்சன் பிரிட்டிஷ் நீச்சல் அணியைச் சோதித்தபோது ஏறத்தாழ 70 சதவீதத்தினரிடம் ஏதோ ஒரு வகை ஆஸ்துமாவைக் கண்டார். ஸ்கை சைக்கிள் அணியில் மூன்றில் ஒருவரிடம். நோயாளி என்று சொல்லிக்கொண்டவர்களை நம்பி எடுத்த கணக்கு இல்லை இது. வறண்ட காற்றை வேகமாக இழுக்கச் செய்து, அதன்பின் ஒரு நொடியில் எவ்வளவு காற்றை வெளிவிட முடிகிறது என்று அளந்து பார்த்தது. ஆஸ்திரேலிய மருத்துவர் கென் ஃபிட்ச் 2012இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சங்கடமான ஒன்றைச் சொன்னது: ஒலிம்பிக்கில் ஆஸ்துமா உள்ளவர்கள் தங்கள் எண்ணிக்கைக்கு உரிய பங்கைவிட அதிகப் பதக்கங்களை வென்றிருக்கிறார்கள். கேலி செய்பவர்கள் இங்கே துள்ளிக் குதிப்பார்கள். ஆனால் மருந்து வெற்றியைத் தந்தது என்று இதைப் படிப்பதைப் போலவே, வெற்றிக்கு வேண்டிய பயிற்சி நோயைத் தந்தது என்றும் படிக்கலாம். அதிகம் பயிற்சி செய்தவரே அதிகம் வெல்கிறார். அவருடைய மூச்சுக்குழலே அதிகம் கெடுகிறது. சிகிச்சை அளவில் உறிஞ்சப்படும் சால்பியூட்டமால் ஆரோக்கியமானவரின் தாங்குதிறனைக் கூட்டுவதில்லை என்று ஆய்வுக்குமேல் ஆய்வு சொல்லியிருக்கிறது. மாத்திரையாகவோ ஊசியாகவோ பெரிய அளவில் உடலுக்குள் செலுத்தினால் கதை மாறும்; அந்த மாற்றத்தைப் பிடிப்பதற்குத்தான் சிறுநீரில் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். சுருங்கிய குழாயைத் திறந்துவிடுவது வேறு, இயல்பான குழாயை இன்னும் அகலமாக்குவது வேறு. மாரத்தானை 2003இல் 2 மணி 15 நிமிடம் 25 நொடியில் ஓடி முடித்த பவுலா ராட்கிளிஃப் பதின்வயதிலிருந்தே ஆஸ்துமாவோடு ஓடியவர். அவரைப் பார்த்து இன்ஹேலரைக் கீழே வை என்று சொல்பவர்கள், சற்று இளைப்பு வந்தவுடன் தாங்கள் எதைத் தேடுவோம் என்று ஒருமுறை யோசிக்கலாம்.

இந்தச் சந்தேகத்துக்கு முதலில் பலியானவர் பதினாறு வயதுப் பையன். 1972, மியூனிக் ஒலிம்பிக். அமெரிக்காவின் ரிக் டிமான்ட் 400 மீட்டர் நீச்சலில் ஆஸ்திரேலியாவின் பிராட் கூப்பரை நூறில் ஒரு நொடி வித்தியாசத்தில் வென்றார். சிறுநீரில் எஃபெட்ரின் இருந்தது. அவர் சிறுவயது முதல் சாப்பிட்டுவந்த மராக்ஸ் என்ற ஆஸ்துமா மாத்திரையிலிருந்து வந்தது அது. அந்த மருந்தின் பெயரைப் போட்டிக்கு முன்பே படிவத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். அதைப் பார்த்து, தடைசெய்யப்பட்ட பொருள் இருக்கிறதே, மாற்று மருந்து கொடுப்போம் என்று சொல்லியிருக்க வேண்டியவர்கள் அமெரிக்க அணியின் மருத்துவர்கள். அவர்கள் சொல்லவில்லை. பதக்கம் பறிக்கப்பட்டது, உலக சாதனை அவர் பெயரில் இருந்த 1500 மீட்டரின் இறுதிப் போட்டியில் நீந்தவும் விடவில்லை. தவறு தங்கள் தரப்பில்தான் என்று அமெரிக்க ஒலிம்பிக் குழு ஒப்புக்கொண்டது 2001இல். சர்வதேச ஒலிம்பிக் குழு பதக்கத்தைத் திருப்பித் தரவில்லை.

நாற்பத்து நான்கு வருடம் கழித்து இதே நாடகம். சைமன் யேட்ஸ் 2016இல் பாரிஸ்-நீஸ் பந்தயத்தில் டெர்பியூட்டலின் என்ற ஆஸ்துமா மருந்துக்காகச் சிக்கினார். அதற்கு முன்கூட்டியே மருத்துவ விலக்கு வாங்கியிருக்க வேண்டும். விண்ணப்பிக்க மறந்தவர் அணி மருத்துவர். நான்கு மாதம் தடை வாங்கியவர் யேட்ஸ்.

நார்வேக்கு வருவோம். 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்குக்கு நார்வே அணி 6000 வேளை ஆஸ்துமா மருந்து கொண்டுபோனது என்று சுவீடன் தொலைக்காட்சி சொல்ல, உலகமே அந்த எண்ணைத் திருப்பித் திருப்பிச் சொன்னது. ஒரு சாதாரண வெண்டோலின் குப்பியில் 200 முறை உறிஞ்சுவதற்கான மருந்து இருக்கும். அந்தக் கணக்கில் 6000 என்பது முப்பது குப்பி. நூற்றுக்கும் மேற்பட்ட வீரர்கள், கடுங்குளிர், பல வகை மருந்துகள். ஒரு பையில் அடங்கிவிடும் பொருளை வைத்து ஒரு தேசத்தையே போதை வியாபாரியாக்கினார்கள்.

ஆனால் நார்வேயை அப்படியே விட்டுவிடவும் முடியாது. முப்பது குப்பியில் எதுவும் இல்லை. மார்ட்டின் யோன்ஸ்ருட் சுண்ட்பி வழக்கில் இருக்கிறது. அணி மருத்துவர்களின் ஆலோசனைப்படி அவர் நெபுலைசர் வழியாக 15 மில்லிகிராம் சால்பியூட்டமால் எடுத்துக்கொண்டார். அனுமதி நாளொன்றுக்கு 1.6 மில்லிகிராம். நெபுலைசரில் ஊற்றுவதில் சிறு பகுதியே நுரையீரலைச் சேரும், ஆகவே வரம்பு மீறப்படவில்லை என்று வாதிட்டார்கள். மருந்தியலாக அது முற்றிலும் அபத்தமில்லை. அப்படியானால் விலக்குக்கு விண்ணப்பித்துவிட்டு அல்லவா செய்திருக்க வேண்டும்? விதியைத் தாங்களே வியாக்கியானம் செய்துகொண்டு, யாரையும் கேட்காமல் பத்து மடங்கு ஊற்றினார்கள். 2016 ஜூலையில் விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம் அவருக்கு இரண்டு மாதத் தடை விதித்தது. 2014–15 பருவத்தின் உலகக் கோப்பையும் டூர் டி ஸ்கி பட்டமும் போயின. டிமான்ட் கதையில் மருத்துவர்கள் கவனக்குறைவாக இருந்தார்கள். இங்கே புத்திசாலிகளாக இருந்தார்கள். இரண்டிலும் கணக்கு வீரரின் பெயரில்தான் எழுதப்பட்டது.

இனி 'விதிகளுக்கு உட்பட்டே' என்ற விடை. இதன் முழு அவலத்தையும் காண பிராட்லி விக்கின்ஸைப் பார்க்க வேண்டும். 2016 செப்டம்பரில் ரஷ்ய ஒற்றர்கள் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் கணினிகளில் திருடி வெளியிட்ட ஆவணங்களில் அவருடைய விலக்குகள் இருந்தன. மகரந்த ஒவ்வாமைக்கும் ஆஸ்துமாவுக்குமாக, டிரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு, 40 மில்லிகிராம், தசையில் ஊசி. தேதிகள்: 2011 ஜூன் 29, டூர் டி பிரான்ஸ் தொடங்க மூன்று நாள் முன்பு. 2012 ஜூன், அவர் வென்ற டூருக்குச் சில நாள் முன்பு. 2013 ஏப்ரல் 22, ஜீரோ தித்தாலியாவுக்குப் பன்னிரண்டு நாள் முன்பு. இது இன்ஹேலர் இல்லை. உடல் முழுதும் வாரக்கணக்கில் வேலை செய்கிற, பசியைக் கொன்று எடையைக் குறைத்தும் சக்தியைத் தக்கவைக்கும் என்று சைக்கிள் உலகம் பல பத்தாண்டுகளாக அறிந்த மருந்து. தானே ஊக்கமருந்து எடுத்து மாட்டிக்கொண்ட டேவிட் மில்லர், தான் எடுத்தவற்றிலேயே வலிமையானது இது என்று எழுதியிருக்கிறார். மூன்று வருடங்களில் மூன்று முறை, பருவத்தின் மிக முக்கியமான பந்தயத்துக்கு முந்தைய நாட்களில் மட்டும் ஒருவருடைய ஒவ்வாமை ஊசி கேட்டிருக்கிறது. 2018 மார்ச்சில் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு, விதி மீறப்படவில்லை, ஆனால் அணி தானே போட்டுக்கொண்ட ஒழுக்கக் கோட்டைத் தாண்டியது என்று எழுதியது. விக்கின்ஸ் இதை வன்மையாக மறுத்தார். மருத்துவத் தேவை உண்மையானது என்றார். இருக்கலாம். அணியின் மருத்துவப் பதிவுகள் ஒழுங்காக இருந்திருந்தால் நமக்கும் தெரிந்திருக்கும். 2011 தோஃபினே பந்தயத்துக்கு விமானத்தில் வந்த அந்தப் பொட்டலத்தில் என்ன இருந்தது என்று விசாரித்த அதிகாரிகளுக்குக் கிடைத்த விடை, மருத்துவரின் மடிக்கணினி கிரீஸில் விடுமுறையின்போது திருடு போய்விட்டது என்பது. வருடத்துக்குக் கோடிக்கணக்கான பவுண்ட் செலவழித்து, தலையணையைக்கூட அறிவியல்பூர்வமாகத் தேர்ந்தெடுத்த அணி அது.

கேலி செய்பவர்களும் சரி, அதிகாரிகளும் சரி, இன்ஹேலரையும் இந்த ஊசியையும் ஒரே மூட்டையில் கட்டுகிறார்கள். முன்னவர்களுக்கு இரண்டும் ஊக்கமருந்து. பின்னவர்களுக்கு இரண்டும் மருந்து. சால்பியூட்டமாலுக்கு 2010 முதல் விலக்குச் சான்றிதழே தேவையில்லை, வரம்புக்குள் யார் வேண்டுமானாலும் உறிஞ்சலாம் என்பது பத்திரிகைகளில் எழுதுகிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

கிறிஸ் ஃப்ரூம் விவகாரத்தில் இந்தக் குழப்பம் உச்சத்தை எட்டியது. 2017 ஸ்பெயின் சுற்றுப் பந்தயத்தில், செப்டம்பர் 7 அன்று, அவருடைய சிறுநீரில் மில்லிலிட்டருக்கு 2000 நானோகிராம் சால்பியூட்டமால். வரம்பு 1000, அளவீட்டுப் பிழைக்கு இடம்விட்டு 1200. இதைத் தாண்டினால், உறிஞ்சியதால் மட்டுமே இந்த அளவு வந்தது என்று வீரர்தான் நிரூபிக்க வேண்டும். டிசம்பரில் பத்திரிகைகளில் கசிந்தது. அவர் பந்தயங்களில் கலந்துகொண்டே இருந்தார், 2018 ஜீரோவை வென்றார், ஜூலை 2 அன்று வழக்கு கைவிடப்பட்டது. உடலின் நீரிழப்பைக் கணக்கில் கொண்டால் அளவு 1429 ஆகிறது, மனிதருக்கு மனிதர் வேறுபாடு இருக்கிறது, பந்தயச் சூழலை ஆய்வகத்தில் மறுபடி உண்டாக்க முடியாது என்பன சொல்லப்பட்ட காரணங்கள். ஃப்ரூம் ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. அந்தக் காரணங்கள் சரியானவை என்றே நினைக்கிறேன். சரியானவை என்பதால்தான் கேட்கிறேன்: மற்றவர்களுக்கு அவை ஏன் பொருந்தவில்லை?

அலெசாந்த்ரோ பெட்டாக்கி, 2007 ஜீரோ, 1320 நானோகிராம். ஃப்ரூமின் திருத்தப்பட்ட அளவைவிடவே குறைவு. நீரிழப்புத் திருத்தம் அப்போது விதியில் இல்லை. அது வந்தது 2018இல். வேண்டுமென்றே ஏமாற்றவில்லை என்று தீர்ப்பாயமே ஏற்றுக்கொண்டும் 2008இல் அவருக்குத் தடை விதித்தது. அந்த ஜீரோவில் வென்ற ஐந்து கட்டங்களும் ரத்து. டியேகோ உலிஸ்ஸி, 2014 ஜீரோ, 1900 நானோகிராம். ஆய்வகச் சோதனைக்குத் தானே உட்பட்டார். அது அவருக்குக் கைகொடுக்கவில்லை. ஒன்பது மாதம் தடை. அதே ஆய்வகச் சோதனை ஃப்ரூம் விஷயத்தில் பயனற்றது என்று முடிவானது. இவர்களுக்கும் ஃப்ரூமுக்கும் நடுவில் இருந்த வேறுபாடு நுரையீரலில் இல்லை. ஒன்பது மாத காலம் வழக்கறிஞர்களையும் மருந்தியல் நிபுணர்களையும் அமர்த்திக் கட்டுக்கட்டாக ஆவணம் சமர்ப்பிக்கும் வசதியில் இருந்தது. அந்த ஆவணங்களும் முழுமையாக வெளியிடப்படவில்லை. ஒரு விதி அறிவியல்ரீதியாகப் பிழையானது என்று கண்டுபிடிக்கப்பட்ட அன்று, அதே விதியால் முன்பு தண்டிக்கப்பட்டவர்களின் கோப்பைத் திறந்து பார்ப்பதுதான் முறை. யாரும் திறக்கவில்லை.

மருத்துவ இரகசியம் என்ற சொல்லைக் கேடயமாகத் தூக்குவார்கள். அதை நானும் மதிக்கிறேன். அதே ரஷ்யத் திருட்டில் சிமோன் பைல்ஸின் கவனக்குறைபாட்டுச் சிகிச்சை ஊருக்கெல்லாம் தெரிந்தது. ஒரு பத்தொன்பது வயதுப் பெண் தன் நோயைப் பற்றி உலகுக்கு விளக்கம் சொல்ல நேர்ந்தது அநியாயம். யாருடைய பெயரும் வேண்டாம். எந்த விளையாட்டில், எந்த மருந்துக்கு, பெரிய போட்டிக்கு எத்தனை நாள் முன்பு எத்தனை விலக்குகள் தரப்பட்டன என்ற எண்ணிக்கை போதும். கிராண்ட் டூர்களுக்கு முந்தைய இரு வாரங்களில் ஸ்டீராய்டு ஊசிகள் குவிகின்றனவா என்பது அப்போது தெரிந்துவிடும். ஊசி வேண்டிய அளவுக்கு நோயுற்றவர் ஓய்வெடுக்கட்டும். 2007இல் சில அணிகள் தாமாகச் சேர்ந்து தொடங்கிய 'நம்பகமான சைக்கிள் பந்தயத்துக்கான இயக்கம்', இரத்தத்தில் கார்டிசால் குறைந்தவரை எட்டு நாள் பந்தயத்திலிருந்து விலக்கி வைத்தது. இந்த மருந்துகள் உடலின் கார்டிசாலை அமுக்குவதால் இது எளிய, மலிவான சோதனை. ஸ்கை அணி அந்த இயக்கத்தில் சேரவே இல்லை. போட்டிக்காலத்தில் இவ்வகை ஊசிகள் அனைத்தையும் உலக அமைப்பு தடைசெய்தது 2022 ஜனவரி 1 முதல். விக்கின்ஸ் பாரிஸில் மஞ்சள் சட்டையோடு நின்று ஒன்பதரை வருடம் கழித்து.

பெட்டாக்கியின் 2007 ஜீரோவின் ஐந்து கட்டங்களும் இன்றளவும் அவர் பெயரில் இல்லை. அந்த மாதிரியின் நீர்ச்செறிவை 2018இன் சூத்திரத்தில் போட்டுப் பார்க்க ஒரு கால்குலேட்டரும் அரை மணி நேரமும் போதும்.