‘சும்மா’ இருப்பவளா?

சாரத்துத் தெருவொன்றில் ஏதேனும் ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, “உம் மனைவி என்ன வேலை பார்க்கிறார்?” என்று ஆடவரிடம் கேட்டுப் பாருங்கள். “வேலையா? வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்” என்பார். வைகறையில் எழுந்து தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, படுக்கையில் கிடக்கும் மாமியாரைத் துடைத்தெடுத்து, எல்லாரும் உறங்கியபின் உறங்கப் போகிறவளுக்குத் தமிழன் சூட்டியிருக்கும் பட்டம் ‘சும்மா’! அதே ஆள் மேடையேறிவிட்டால் அவள் ‘இல்லத்தரசி’ ஆகிவிடுகிறாள். என்ன அரசியோ! ஆட்சியும் இல்லை, கருவூலமும் இல்லை, ஏனம் தேய்ப்பது மட்டும் உண்டு.

இந்தச் ‘சும்மா’வை அளந்தே பார்த்துவிட்டார்கள். நடுவணரசின் புள்ளியியல் துறை 2019-இலும் 2024-இலும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு 2019-இல் 299 மணித்துளியும், 2024-இல் 289 மணித்துளியும் ஊதியமின்றி உழைத்திருக்கிறாள். ஆண்? முன்னது 97, பின்னது 88. பெண்ணின் சுமை பத்து மணித்துளி குறைந்தது. அதைத் தன் தோளில் ஏற்றிக்கொள்ள வேண்டிய ஆடவனோ தன் பங்கிலும் ஒன்பதைக் குறைத்துக்கொண்டான்! இதுவும் வேலை செய்கிற ஆண்களின் கணக்கே. 2019-இல் வீட்டுவேலையில் கைவைத்தவர்களே நூற்றுக்கு 26 ஆடவர்தாம், பெண்டிர் 81. குழந்தைகளையும் முதியோரையும் பேணும் நேரம் இதில் சேராது, அது தனிக்கணக்கு.

எட்டுமணிநேர வேலைக்காகக் குருதி சிந்திய மண் புதுவை. 1936 சூலை 30 அன்று பிரஞ்சுப் படையினரின் துமுக்கிக் குண்டுகளுக்கு ஆலைத் தொழிலாளர் 12 பேர் இரையாயினர். அடுத்த ஆண்டே எட்டுமணிநேரச் சட்டம் வந்தது. அச்சட்டத்தின் பயனை நுகர்ந்து வீடு திரும்பியவனுக்குச் சோறாக்கிப் போட்டவளுக்கு எந்தச் சட்டம் வந்தது? ஆலைக்குச் சங்கு ஊதினார்கள். அடுப்படிக்குச் சங்கே இல்லை.

இதே புதுவையின் பாவேந்தர் ‘குடும்ப விளக்’கின் முதற்பகுதிக்கு ‘ஒருநாள் நிகழ்ச்சி’ என்றே பெயரிட்டு, விடியல் முதல் இரவு வரை ஒரு பெண் செய்யும் வேலைகளை ஒவ்வொன்றாகப் பாடிவைத்தார். குமுகவியலார் இன்று அட்டவணை போட்டுக் காட்டுவதை அவர் பாட்டில் காட்டினார். தனித்தமிழ் மேடைகளோ அதைப் பெண்ணுக்குரிய புகழ்மாலையாகப் படித்துக் கைதட்டினவே தவிர, ஆடவன் தீர்க்க வேண்டிய கடன்கணக்காகப் படிக்கவில்லை.

வீட்டுக்குள் ‘சும்மா’ என்றால் வீட்டுக்கு வெளியே ‘தொண்டு’! 1975 முதல் நடந்துவரும் குழந்தைகள் நடுவங்களைப் பாருங்கள். ‘அங்கன்வாடி’ என்று இந்திப் பெயர் சூட்டி, ஊரார் பிள்ளைகளை ஊட்டி வளர்க்கும் பெண்டிரைத் ‘தொண்டர்’ என்றார்கள். தொண்டருக்கு ஊதியம் எதற்கு? ‘மதிப்பூதியம்’ போதுமே! நடுவணரசு 2018 அக்தோபரில் அதை உயர்த்தியபோதும் பணியாளருக்குத் திங்களுக்கு 4500 உருபா, உதவியாளருக்கு 2250. அம்மதிப்பூதியமும் ஊதியமே, அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச முறைமன்றம் சொல்ல 2022 ஏப்பிரல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு சொல்லை மாற்றியே 47 ஆண்டு உழைப்பை விழுங்கினார்கள். சொல்லாராய்ச்சி வெறும் புலவர் பொழுதுபோக்கு என்பார் இதனை எண்ணிப் பார்க்கட்டும்.

அவர்கள் தலையில்தான் 2021-இல் ‘போசன் டிராக்கர்’ என்னும் செயலியும் ஏற்றப்பட்டது. பாதி வடமொழி, பாதி ஆங்கிலம்! செயலி ஆங்கிலத்தில் இருக்கிறது, தம்மால் படிக்க இயலவில்லை என்று மராட்டியப் பணியாளர்கள் அவ்வாண்டே மும்பை உயர்முறைமன்றம் வரை போனார்கள். மக்கள் மொழிகள் பின்னரே சேர்ந்தன. முதலில் மொழி தெரியாதவளைப் பிழையாளி ஆக்குவது. பிறகு மொழியைச் சேர்ப்பது. இதுதான் தில்லியின் முறை.

வீட்டிலும் திறன்பேசி பெண்ணின் சுமையைக் குறைத்துவிடவில்லை. பள்ளி அனுப்பும் வீட்டுப்பாடச் செய்தி, எரிவளிப் பதிவு, மருத்துவர் முறைச்சீட்டு எல்லாம் அவள் வேலைப்பட்டியலில் ஏறிவிட்டன. ஆனால் கருவி அவளுடையதா? 2019–21 நாட்டுக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்தியோர் ஆடவர் நூற்றுக்கு 57, பெண்டிர் 33.

கணினி, செயலி, இணையம், மென்பொருள் என்று நாளும் சொல்லாக்கும் தமிழறிஞர்க்குச் ‘சும்மா’வுக்கு ஒரு மாற்றுச்சொல் காண நேரம் வாய்க்கவில்லை. புதிதாக ஆக்கவும் வேண்டா. ‘வேலை’ என்னும் நல்ல தமிழ்ச்சொல் இருக்கிறதே!

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இல்லப்பெண்டிரை இரவலரோடும் சிறைப்பட்டாரோடும் சேர்த்து ‘வேலை செய்யாதார்’ என்றதை உச்ச முறைமன்றமே 2010-இல் கடிந்தது. கடிந்து என்ன? 2011 கணக்கெடுப்பிலும் ‘வீட்டுக்கடமை’ பொருளீட்டாச் செயல்களின் வரிசையிலேயே நின்றது. அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச்சு முதல் நாளை அடிப்படையாகக் கொண்டு, முதன்முறையாகத் திறன்பேசி வழியே நடக்கும் என்று 2025-இல் அறிவித்தார்கள். குடும்பத்தாரே பதியவும் வழியுண்டாம். பதியப் போகிறவன் யார்? திறன்பேசியைக் கையில் வைத்திருப்பவன்! அவன் விரல் ‘வேலையில்லை’ என்று அழுத்துமுன் சாரத்துப் பெண்டிர் அதைக் கையில் வாங்குக. வீட்டுவேலையை வேலையென்றே எழுதுமாறு தில்லிக்கு விண்ணப்பம் விடுக்க. விண்ணப்பத்தை நல்ல தமிழில் எழுதிக் கொடுக்கத் தனித்தமிழ்க் கிளைகள் முன்வரட்டும். எழுதி முடியும் வரை வீட்டில் சோறு வடிப்பது ஆடவர் பொறுப்பாகட்டும்.