பரண் விற்பனைக்கு!

நம் வீடுகளில் 'லாஃப்ட்' என்றால் சமையலறைக்கு மேலே இருக்கும் கான்கிரீட் பரண். கொலு பொம்மை, வெண்கலப் பானை, ஓடாத டேபிள் ஃபேன், தாத்தாவின் டிரங்குப் பெட்டி எல்லாம் அங்கேதான் ரிட்டயர் ஆகும். நியூயார்க்கில் அதே வார்த்தைக்கு விலை மில்லியன் டாலர் கணக்கில்.

மன்ஹாட்டனின் சோஹோ, ட்ரைபெக்கா பக்கத்து வீட்டு விளம்பரங்களைப் படிப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. (வாங்கத்தானே காசு வேண்டும், படிக்க வேண்டாமே!) 'ஓப்பன் பிளான்' என்று போட்டிருந்தால் உள்ளே சுவரே கிடையாது. 'எக்ஸ்போஸ்டு பிரிக்' என்றால் சுவர் உண்டு, பூச்சு கிடையாது. 'இண்டஸ்ட்ரியல் கேரக்டர்' என்றால் தலைக்கு மேல் குழாய் ஓடும். நம்ம ஊரில் இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் மேஸ்திரி அட்வான்ஸோடு ஓடிவிட்டார் என்று அர்த்தம். அங்கே இதற்குப் பெயர் லக்ஷுரி.

இவையெல்லாம் 19-ம் நூற்றாண்டில் எழுந்த துணிக் கிடங்குகள், பட்டறைகள். முகப்பு வார்ப்பிரும்பு. இரும்புத் தூண் மெலிசாக இருந்தாலும் பாரம் தாங்கும். அதனால் நடுநடுவே பெரிய பெரிய ஜன்னல் வைக்க முடிந்தது. மின்விளக்கு பரவாத காலம். தைக்க வெளிச்சம் வேண்டும். பேல் பேலாக அடுக்க உயரம் வேண்டும். இன்றைக்கு புரோக்கர் பீற்றிக்கொள்ளும் 'உயர்ந்த கூரை, தாராள வெளிச்சம்' இரண்டுமே யாரோ ஒரு தொழிலாளி ஊசியில் நூல் கோக்கச் செய்த ஏற்பாடுதான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தொழில்கள் இடம்பெயர்ந்து கட்டடங்கள் காலியாயின. அடிக்கடி தீ விபத்து வேறு. சோஹோ பகுதிக்கு 'நரகத்தின் நூறு ஏக்கர்' என்றே பட்டப்பெயர். அந்த நரகத்துக்குத் துணிந்து குடிவந்தவர்கள் ஓவியர்களும் சிற்பிகளும். வாடகை சல்லிசு, பெரிய கான்வாஸ் விரிக்க இடம். ஆனால் அங்கே வசிப்பது சட்டவிரோதம். சாயங்காலமானால் ஹீட்டர் நின்றுவிடும். சமையலறை, பாத்ரூம் எல்லாம் சொந்தச் செலவு. இன்ஸ்பெக்டர் வந்தால் படுக்கையைச் சுருட்டி ஒளிக்க வேண்டும்.

1961-ல் மாநகராட்சி கொஞ்சம் மனமிரங்கி, வாசலில் 'ஏ.ஐ.ஆர்.' என்று போர்டு மாட்டச் சொன்னது. ஆல் இந்தியா ரேடியோ இல்லை சார், 'ஆர்ட்டிஸ்ட் இன் ரெஸிடென்ஸ்'. தீப்பிடித்தால் உள்ளே ஆள் தூங்குகிறார் என்று ஃபயர் சர்வீஸுக்குத் தெரிய வேண்டாமா?

1971-ல் ஓவியர்கள் அங்கே தாராளமாக வசிக்கலாம் என்று விதி வந்தது. ஆனால் ஓவியர்தான் என்று அரசாங்கச் சான்றிதழ் வேண்டும். 'இன்னார் கவிஞரேதான்' என்று நம்ம தாசில்தார் கையெழுத்துப் போட வேண்டுமென்றால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள். பாதிப் பேர் அவுட்.

1968-ல் டொனால்ட் ஜட் என்ற சிற்பி, ஸ்பிரிங் தெருவில் ஐந்து மாடிக் கட்டடம் முழுசையும் 68,000 டாலருக்கு வாங்கிப் போட்டார். அந்தக் காசுக்கு இன்று அந்தத் தெருவில் ஒரு பாத்ரூம்கூடக் கிடைக்காது.

பிறகு நடந்தது வரிசைக்கிரமமானது. ஓவியர்கள் வந்ததால் கேலரி வந்தது. கேலரி வந்ததால் காபிக் கடை, பொட்டிக். அவற்றின் பின்னாலேயே வக்கீல்களும் பங்குத் தரகர்களும். வாடகை ஏறியது. தானே குழாய் போட்டு, டாய்லெட் கட்டி, பத்து வருஷம் குடியிருந்தவனை 'காலி பண்ணுப்பா' என்றார்கள். 1982-ல் 'லாஃப்ட் லா' என்று ஒரு சட்டம் வந்தது. கட்டடத்தை விதிப்படி சீர்படுத்துவது ஓனர் பொறுப்பு, குடியிருப்பவரை இஷ்டத்துக்கு விரட்ட முடியாது என்றது. அதனால் தப்பியவர்கள் உண்டு. தப்பாதவர்கள் பலர் ஆற்றைத் தாண்டி புரூக்ளின் போனார்கள். அங்கே இதே படம், பார்ட் டூ.

இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் ஆபீஸ்களின் தலைநகரமான வால் ஸ்ட்ரீட். அங்கே பழைய ஆபீஸ்களை வீடாக மாற்றினால் வரிச் சலுகை என்று 1995-ல் அறிவித்தார்கள். 1931-ல் ஒரு வங்கிக்காகக் கட்டி முடித்த 'ஒன் வால் ஸ்ட்ரீட்' இப்போது 566 ஃபிளாட்டுகள். நாம் பேங்க்கில் கடன் வாங்கி வீடு வாங்குகிறோம். அவர்கள் பேங்க்கையே வீடாக வாங்குகிறார்கள்!

'ஏரியா நல்லா டெவலப் ஆயிடுச்சு தம்பி, அடுத்த மாசத்துலேர்ந்து ஆயிரம் ரூபா சேத்துக் குடுங்க' என்று ஹவுஸ் ஓனர் சொல்லிக் கேட்ட எவருக்கும் அந்த நியூயார்க் ஓவியனின் வயிற்றெரிச்சல் புரியும். தெருமுனை டீக்கடையும் மெஸ்ஸும் பிழைத்ததே நம்மைப் போன்ற பேச்சலர்களால்தான், ஏரியா டெவலப் ஆனதில் நம்ம பங்கும் இருக்கிறது என்று அவரிடம் தைரியமாகச் சொல்லிப் பார்க்கலாம்.

சொல்வதற்கு முன் வேறு வீடு பார்த்து வைத்துக்கொள்வது உத்தமம்.