அறுவை அரங்கின் கதவுக்கு வெளியே

தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சுற்றுச்சுவரை ஒட்டிய நடைபாதையிலும், அருகிலுள்ள மெட்ரோ நிலையத்துச் சுரங்கப்பாதையிலும், ஆண்டின் எல்லா இரவுகளிலும் மனிதர்கள் உறங்குகிறார்கள். ஜனவரியின் கடுங்குளிரிலும் அந்த இடம் காலியாவதில்லை. இவர்கள் வீடற்றவர்கள் அல்லர். பீகாரிலும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும் ஜார்க்கண்டிலும் இவர்களுக்குச் சிறியதேனும் ஒரு வீடு இருக்கிறது. தலைமாட்டில் வைத்திருக்கும் பையைத் திறந்தால் எக்கோ பரிசோதனை அறிக்கை, ஆதார் நகல், அடுத்த தேதி எழுதிய சீட்டு ஆகியவை இருக்கும். இவர்களில் பலர் பெற்றோர்கள். பிள்ளையின் அறுவைச் சிகிச்சைக்காக வந்தவர்கள்.

தர்பங்காவிலிருந்து சம்பர்க் கிராந்தி ரயிலில் ஏறக்குறைய 20 மணி நேரம் பயணம் செய்து வரும் ஒரு கட்டுமானத் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டியதில்லை, அந்த நடைபாதையில் எந்த இரவிலும் அப்படி ஒருவர் இருப்பார். நான்கு வயது மகளுக்கு இதயத்தின் கீழறைகளுக்கு இடையேயான சுவரில் பிறவியிலேயே துளை. அறுவைக்கு முன் திட உணவையும் பசும்பாலையும் 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். காலை எட்டு மணிக்கு என்று சொல்லப்பட்டது பதினொன்றாகும்போது, பசித்து அழும் குழந்தைக்கு ஏன் எதுவும் தரக்கூடாது என்பதைத் தாய் அதற்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டும். பிறகு தள்ளுவண்டி வருகிறது. ஒரு கோடு வரைதான் பெற்றோர் கூடச் செல்லலாம். அதற்கப்பால் குழந்தை மட்டும் போகிறது.

உள்ளே நெஞ்செலும்பு பிளக்கப்பட்டு, ரத்த ஓட்டம் இதய-நுரையீரல் இயந்திரத்துக்கு மாற்றப்பட்டு, துடிப்பு நிறுத்தப்பட்ட இதயத்தில் துளை அடைக்கப்படும். தேர்ந்த கைகளுக்கு அது பழகிய வேலை. ஆயினும் பல மணி நேரம் ஆகும். வெளியே இருப்பவர்களுக்குச் செய்ய ஏதுமில்லை என்று நினைப்பது தவறு. பயன்படுத்தப்படும் ரத்தத்துக்கு ஈடாக ரத்தம் தர ஆட்களைக் கொண்டுவரும்படி நாட்டின் பல அரசு மருத்துவமனைகளில் குடும்பத்தாரிடமே சொல்லப்படுகிறது. அந்நிய நகரில் ரத்தம் கொடுக்க யாரைத் தேடுவது? வெளியே வாங்கிவரச் சொல்லும் மருந்துச் சீட்டு எந்நேரமும் வரலாம். பெயர் சொல்லி அழைக்கும்போது கதவருகே இல்லையென்றால் என்னாகுமோ என்ற அச்சத்தில் தாய் கழிப்பறைக்குக்கூடச் செல்வதில்லை. இதற்கிடையே மேஸ்திரியின் அழைப்பு: நாளை வருகிறாயா, வேறு ஆள் வைக்கட்டுமா?

ஒப்புதல் படிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரத்தக்கசிவு, தொற்று, பக்கவாதம், மரணம் ஆகிய சாத்தியங்களைப் பட்டியலிடும் அந்தத் தாள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. சில இடங்களில் இந்தியில். மைதிலி அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் இடம்பெற்ற மொழி என்பதெல்லாம் அந்த மேசையருகே எடுபடாது. நோயாளி தெரிந்து முடிவெடுப்பதற்குப் போதுமான தகவலைத் தருவது மருத்துவரின் கடமை என்று 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நடைமுறையில் அந்தத் தகப்பன் வாங்கிப் படிப்பதில்லை. கைகாட்டிய இடத்தில் கைநாட்டு வைக்கிறார். தன் மகளின் உயிர் குறித்த ஆவணத்தைத் தன் மொழியில் கேட்கும் உரிமை தனக்கு உண்டு என்பதை அவருக்கு யாரும் சொன்னதில்லை.

இந்தியாவில் ஆண்டுதோறும் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறவி இதயக் குறைபாட்டுடன் பிறக்கிறார்கள் என்பது மருத்துவர்களின் மதிப்பீடு. அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினருக்கு முதல் ஆண்டிலேயே சிகிச்சை தேவை. குழந்தைகளுக்கான இதய அறுவை மையங்களோ பெருநகரங்களிலும், அதிலும் பெரும்பகுதி தென் மாநிலங்களிலும், தனியார் கைகளிலும் குவிந்துள்ளன. குழந்தைப் பிறப்பு மிகுதியாக உள்ள உத்தரப் பிரதேசமும் பீகாரும் தம் குழந்தைகளைத் தில்லிக்கு ரயிலேற்றுகின்றன. அதனால் காத்திருப்பு அறுவை அரங்கின் வாசலில் தொடங்குவதில்லை. அது மாதங்களுக்கு முன்பு, சில குடும்பங்களுக்கு ஆண்டுகளுக்கு முன்பு, தேதி கேட்டு நின்ற முதல் வரிசையிலேயே தொடங்கிவிட்டது. தேதிக்கு முன்பே குழந்தை இறந்துபோனால் எந்தப் பதிவேட்டிலும் அது அறுவைச் சிகிச்சையில் நேர்ந்த மரணமாக வராது.

வசதி படைத்தவனின் பிள்ளைக்கும் இதயம் ஒன்றுதான்; அவனுக்கும் அச்சம் உண்டு. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அவன் குளிரூட்டிய அறையில், வாரத்துக்குள் கிடைத்த தேதியில், சம்பளம் பிடிக்கப்படாத விடுப்பில் காத்திருக்கிறான். சலுகை விலையில் அரசு நிலம் பெற்ற தில்லியின் தனியார் மருத்துவமனைகள் உள்நோயாளிப் படுக்கைகளில் 10 சதவீதத்தையும் புறநோயாளி சேவையில் 25 சதவீதத்தையும் ஏழைகளுக்கு இலவசமாகத் தரவேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2018-ல் உறுதிசெய்தது. நடைபாதையில் படுத்திருப்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஒன்றிய அரசிடம் இதற்கெல்லாம் ஆயத்தமான விடை ஒன்று உண்டு: ஆயுஷ்மான் பாரத். 2018 செப்டம்பரில் ராஞ்சியில் தொடங்கப்பட்ட இத்திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் காப்பீடு என்கிறது. அட்டை கையில் இருந்து, மருத்துவமனை ஏற்று, அறுவைச் சிகிச்சையும் செலவின்றி முடிந்தது என்றே கொள்வோம். அப்போதும் தகப்பனின் மூன்று வாரக் கூலியை யார் தருவது? ஊரில் விட்டுவந்த மற்ற இரு பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது? தாயும் தகப்பனும் உண்ட ரொட்டிக்கும், குளிருக்கு வாடகைக்கு எடுத்த கம்பளிக்கும் எந்தத் தலைப்பில் கணக்கு? காப்பீடு அறுவையை அறியும், காத்திருப்பை அறியாது. இதய அறுவைக்குச் செல்லும் நோயாளிக்கும் துணையாள் ஒருவருக்கும் ரயில்வே கட்டணச் சலுகை தருகிறது. நோயாளியோடு இன்னொரு மனிதரும் வந்தாக வேண்டும் என்பதை இந்திய அரசு ஒப்புக்கொள்ளும் அரிய இடங்களில் அது ஒன்று. அங்கும் ஒருவர்தான், தாயா தகப்பனா என்று அவர்களே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி, மொத்த சுகாதாரச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து செலவிடும் பங்கு 2013-14-ல் 64.2 சதவீதமாக இருந்தது, 2021-22-ல் 39.4 சதவீதமாகக் குறைந்துவிட்டது என்று ஒன்றிய ஆட்சியாளர்கள் பெருமை பேசுகிறார்கள். குறைந்திருந்தால் நல்லதே. ஆனால் இழந்த கூலி இந்தக் கணக்கில் சேர்வதில்லை. அந்தக் கூலியை ஈடுகட்ட வாங்கிய கடனின் வட்டியும் சேர்வதில்லை. அதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது: 2021-22-ல் அரசுகளின் மொத்த சுகாதாரச் செலவு உள்நாட்டு உற்பத்தியில் 1.84 சதவீதம். 2025-க்குள் 2.5 சதவீதம் என்று 2017 தேசிய சுகாதாரக் கொள்கையில் எழுதி வைத்தவர்கள் இவர்களே. பணம் செலுத்த இயலாத காரணத்தால் எவரும் சிகிச்சையை இழக்கலாகாது என்று போர் குழு பரிந்துரைத்தது 1946-ல், காலனி ஆட்சி முடிவதற்கு முன்பே என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டியிருக்கிறது.

விடுப்பைப் பற்றிப் பேசுவோம். ஏனெனில் தொழிற்சங்க இயக்கமும் இதில் போதிய கவனம் செலுத்தியதாகச் சொல்ல முடியாது. ஒன்றிய அரசின் பெண் ஊழியருக்குப் பிள்ளை வளர்ப்புக்காகப் பணிக்காலம் முழுவதிலுமாக 730 நாள் விடுப்பு உண்டு. அது நியாயமான உரிமை. அதே மருத்துவமனையின் புதிய கட்டடத்துக்குச் செங்கல் சுமக்கும் பெண்ணுக்கு ஒரு நாள்கூட இல்லை. ஈ.எஸ்.ஐ. திட்டத்தின் நோய்க்கால உதவித்தொகை தொழிலாளி தானே நோயுற்றால் கிடைப்பது; பிள்ளை நோயுற்றால் அல்ல. அந்தத் திட்டத்துக்குள்ளேயே வராத முறைசாராத் தொழிலாளர்களோ நாட்டின் உழைப்பாளர்களில் மிகப் பெரும்பான்மையினர். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களைப் புரட்டினாலும், பிள்ளையின் அறுவைச் சிகிச்சைக்காகத் தாய்க்கோ தகப்பனுக்கோ கூலியுடன் விடுப்பு என்று ஒரு பிரிவைக் காண முடியாது.

இது உலகம் அறியாத கோரிக்கையும் அல்ல. குடும்பப் பொறுப்புள்ள தொழிலாளர்கள் குறித்து சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1981-லேயே 156-ஆவது உடன்படிக்கையை நிறைவேற்றியது. சார்ந்துள்ள பிள்ளை நோயுற்றால் ஆணோ பெண்ணோ விடுப்புப் பெற வழி இருக்கவேண்டும் என்று அதனுடன் வந்த 165-ஆவது பரிந்துரை கூறுகிறது. இந்தியா அந்த உடன்படிக்கையை ஏற்று ஒப்பமிடவில்லை. ஸ்வீடனில் நோயுற்ற பிள்ளையைக் கவனிக்க ஆண்டுக்கு 120 நாள் வரை பெற்றோருக்கு ஊதியத்தின் பெரும்பகுதி சமூகக் காப்பீட்டிலிருந்து தரப்படுகிறது. அது முதலாளித்துவ நாடுதான். அங்கே தொழிலாளர் இயக்கம் வலுவாக இருந்தது என்பதே வேறுபாடு.

மாற்று வழி நம் நாட்டிலும் இருக்கிறது. கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி அரசு 2017-ல் தொடங்கிய ஹிருதயம் திட்டத்தில், பிறவி இதயக் குறைபாடு கண்டறியப்பட்ட குழந்தை இணையவழியே பதிவுசெய்யப்படுகிறது, அவசரத்தின் அளவைப் பார்த்து மருத்துவமனை ஒதுக்கப்படுகிறது, சிகிச்சை இலவசம். தேதிக்காகப் பெற்றோர் ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை. தேசிய அளவிலும் 2013-ல் குழந்தைகள் நலத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டு, 18 வயது வரையிலானோரிடம் பிறவிக் குறைபாடுகளைக் கண்டறியும் பணி நடக்கிறது. கண்டறிவதோடு நின்று, அறுவைக்கு இடமில்லாத மாநிலங்களில் அது பெற்றோர் கையில் ஒரு பரிந்துரைச் சீட்டைத் தருவதாகவே முடிகிறது. 2023-ஆம் ஆண்டுக்கான மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி ஆயிரம் பிறப்புகளுக்குச் சிசு மரணம் அகில இந்திய அளவில் 25, கேரளத்தில் 5.

அந்த மாநிலத்தின் அரசு மருத்துவக் கல்லூரிகளில் வாலிபர் சங்கம் நடத்திவரும் பொதிச்சோறு விநியோகத்தைத் தோழர்கள் அறிவார்கள். வீடு வீடாகச் சொல்லிவைத்து, அவரவர் வீட்டில் சமைத்த சோற்றை வாழையிலையில் பொதிந்து வாங்கி, நோயாளிகளுக்கும் உடனிருப்போருக்கும் நண்பகலில் கொடுக்கிறார்கள். இது அரசின் கடமைக்கு மாற்றல்ல. அப்படி யாரும் அங்கே சொல்வதும் இல்லை. ஆனால் காத்திருப்பவருக்கும் பசிக்கும் என்பதை ஒரு அமைப்பு கண்டுகொண்டது. திட்ட அறிக்கைகள் இதைக் கண்டதில்லை.

ஆகவே சுகாதாரத்துக்கான ஒதுக்கீட்டை உயர்த்து என்ற நமது பொதுக் கோரிக்கையோடு இவற்றையும் சேர்த்து எழுப்ப வேண்டும்: ஒவ்வொரு மாநிலத்திலும் அரசுத் துறையில் குழந்தைகள் இதய அறுவை மையம், பெரிய அரசு மருத்துவமனை ஒவ்வொன்றிலும் உடனிருப்போருக்குக் கட்டணமற்ற தங்குமிடமும் உணவும், நோயாளியின் மொழியில் ஒப்புதல் படிவம், பிள்ளையின் அறுவைச் சிகிச்சைக் காலத்துக்கு, முறைசாராத் தொழிலாளர் உட்பட, தாய் தகப்பன் இருவருக்கும் கூலி ஈடு. கடைசிக் கோரிக்கைக்கான வரைவைத் தொழிற்சங்க அரங்கத் தோழர்கள் உடனே விவாதத்துக்கு எடுக்க வேண்டும்.

அதற்கு முன் இடைக்கமிட்டிகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு ஒரு நாள் அதிகாலையில் செல்லுங்கள். அறுவை அரங்கின் கதவுக்கு வெளியே எத்தனை பேர் நிற்கிறார்கள், எத்தனை நாற்காலிகள் இருக்கின்றன, பெண்களுக்குக் கழிப்பறை எவ்வளவு தொலைவில், குடிநீர் உண்டா, இரவில் எங்கே படுக்கிறார்கள், அன்றைய கூலியாக எவ்வளவு இழந்தார்கள் என்று அவர்களிடமே கேட்டு எழுதி மாவட்டக் குழுவுக்கு அனுப்புங்கள்.