கொழுந்து லொறிக்கு ஏற்ற எந்திரம் எது?

லொறிகளின் எதிர்காலம் பற்றிப் பேசுவோர் இன்று இரு சாராராகப் பிரிந்து நிற்கின்றனர். ஒரு சாரார் டீசலின் காலம் முடிந்தது, மின்கலத்தில் மட்டும் ஓடும் லொறியே வேண்டும் என்பர். மறுசாரார், மின்பிறப்பாக்கியையும் சுமந்து செல்லும் கலப்பு லொறியை ஏற்பர். எனினும் அதனைச் சுழற்ற வாயுச்சுழலி, வாங்கல் எந்திரம் எனப் புதுமைகளையே நாடுவர். இறக்குவானையிலும் தெரணியகலையிலும் உள்ள தோட்டப் பாதைகளை இவ்விரு சாராரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இது பொறியியற் பீடத்தாரின் விடயம் என ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் 2022 இல் டீசலுக்காக லொறிகள் வரிசையில் நின்றபோது நட்டப்பட்டவர் யார்? பறித்த கொழுந்து சில மணி நேரத்துள் தொழிற்சாலையைச் சேராவிடின் சாக்கினுள்ளேயே சூடேறிச் சிவந்துவிடும். லொறி வராதெனின் கொழுந்தெடுத்துப் பயனில்லை. வேலையில்லாத நாளுக்குப் பேர் விழுவதுமில்லை. எரிபொருட் சிக்கனம் அங்கே சம்பளப் பிரச்சினையே.

கலப்பு முறையின் அடிப்படை இந்நாட்டுக்குப் புதிதன்று. 1954 இல் கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடாவிலிருந்து வந்த ‘ஒன்டாரியோ’ முதலிய புகையிரத எந்திரங்களில் டீசல் மின்னை மட்டுமே பிறப்பிக்கும். சில்லுகளைச் சுழற்றுவது மின்மோட்டார். றம்புக்கணையிலிருந்து கடுகண்ணாவைக்கு ஏறும் 44க்கு 1 என்ற சரிவிலே அம்முறை பல்லாண்டுகள் தேறியுள்ளது. லொறியில் இடையே ஒரு மின்கலம் சேர்கின்றது, அவ்வளவே.

அம்மின்கலத்தாலேதான் எந்திரம் சிறிதாகலாம். சுமையுடன் ஐந்து தொன் நிறையுள்ள லொறி, பத்துக்கு ஒன்று என்ற சரிவில் மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் ஏறுவதற்கு ஏறத்தாழ 25 கிலோவாற்று வலு போதும். அதே லொறி 200 மீற்றர் இறங்குகையில் 2.7 கிலோவாற்றுமணிச் சத்தியை இழக்கின்றது. இன்று அதன் பெரும்பகுதி பிரேக்கிலே வெப்பமாகி வீணாகின்றது. அச்சத்தியில் அரைவாசியை மின்மோட்டார் மீட்டாலும் ஒவ்வோர் இறக்கத்திலும் ஏறத்தாழ 0.4 லீற்றர் டீசல் மிஞ்சும்.

இவ்வளவு சிறிய வலுவுக்கு வாயுச்சுழலியைப் பரிந்துரைப்பது வேடிக்கையானது. முப்பது கிலோவாற்றுச் சுழலி எரிபொருட் சத்தியில் ஏறத்தாழ நாலிலொரு பங்கையே மின்னாக்கும். அமெரிக்காவிலே குப்பை லொறிகளில் அதனைப் பொருத்திப் பார்த்தனர். எரிபொருள் எளிதிற் கிடைக்கும் நாட்டுக்கு அது கட்டுப்படியாகலாம். மஸ்டா நிறுவனம் 2023 இல் காரொன்றிலே மின்பிறப்பாக்கியைச் சுழற்ற வாங்கல் எந்திரத்தைப் பயன்படுத்தியது. அது கைக்கடக்கமானது, அதிர்வு குறைந்தது; ஆயினும் எரிபொருட் பசி மிகுந்தது. அதன் சுழலியின் முனையடைப்புத் தேய்ந்தால் பலாங்கொடையில் யாரிடம் கொண்டுசெல்வது?

கலப்புக் கார்களிலுள்ள பெற்றோல் எந்திரத்தை அவ்வாறு தள்ளிவிட முடியாது. வினைத்திறனில் அது டீசலை நெருங்கிவிட்டது. ஆனால் தோட்டத்துக் களஞ்சியத்தில் இருப்பது டீசல். மின்வெட்டு வேளையில் தொழிற்சாலையை இயக்குவதும் டீசல் எந்திரமே. அதனைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர் அங்கேயே உள்ளனர். புகையைக் காட்டி அதனைப் பழிப்போர், ஏற்றத்திலே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும்போதே கரும்புகை மிகுதியாக எழுகின்றது என்பதை மறக்கின்றனர். மின்பிறப்பாக்கியுடன் ஒரே வேகத்தில் ஓடும் சிறு டீசல் எந்திரத்துக்கு அத்தொல்லை குறைவு.

மின்கலக் கட்சியினரின் வாதத்திலும் நியாயமுண்டு. மழைவளம் மிக்க இம்மாவட்டங்களிற் சிறு நீர்மின் நிலையங்கள் பல உள. இரவில் மின்னேற்றிக் குறுந்தூரம் ஓடலாம். ஆயினும் 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு அமுலாகியது. அன்று மின்கலம் மட்டுமுள்ள லொறியும் டீசல் லொறியோடு சேர்ந்தே நின்றிருக்கும். இரண்டையும் ஏற்கும் லொறிக்கோ, ஒன்று இல்லாவிடினும் மற்றையது உதவும்.

எல்லாத் தோட்டங்களுக்கும் ஒரே அளவு பொருந்தாது. தொழிற்சாலை மேலேயும் கொழுந்து மலைகள் கீழேயும் உள்ள இடங்களில் லொறி சுமையோடு ஏறி வெறுமையாக இறங்கும். மீளும் சத்தி குறையும். அங்கே மின்பிறப்பாக்கி சற்றுப் பெரிதாக இருத்தல் வேண்டும்.